காப்புரிமை: பட்டறைக்காரரும் பட்டை தீட்டுபவரும் கணினிக்காரரும் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளின் பழுதுவேலை. மற்ற மாதங்களில் புளி, ராகி, சாமை என்று ஏதாவது ஓர் இயந்திரம். புளியங்கொட்டை நீக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய நாள் முதல், வெல்டிங் வைக்க வருபவர்களைவிடச் சந்தேகம் கேட்க வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மைத்துனர் திருச்சியில் கல் பட்டை தீட்டுகிறார், மகள் ஓசூரில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். அவர்களுடைய நண்பர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் அல்ல. அடிபட்டுக் கற்றுக்கொண்டவன்.

பேட்டன்ட் என்றால் மெஷினை விற்க அரசாங்கம் கொடுக்கும் லைசென்ஸ்தானே அண்ணா?

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் இயந்திரத்தை நீங்கள் விற்க யாருடைய காப்புரிமையும் தேவையில்லை. மற்றவர்கள் அதைச் செய்யாமல், பயன்படுத்தாமல், விற்காமல், இறக்குமதி செய்யாமல் தடுக்கும் உரிமைதான் காப்புரிமை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும்.

இதற்கு விலை உண்டு. இயந்திரத்தின் சூட்சுமத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். உலகம் முழுவதும் அதைப் படிக்கும். காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

யோசனை மனதில் இருக்கிறது, இன்னும் செய்யவில்லை. வாங்க முடியுமா?

செய்து காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் செய்யக்கூடிய அளவுக்கு விவரம் வேண்டும். ‘புளியைப் போட்டால் கொட்டை தனியாக வரும் மெஷின்’ என்பது ஆசை. உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எந்த வேகம், கொட்டை எந்த வழியாக விழும் என்று சொன்னால்தான் அது கண்டுபிடிப்பு.

தர்மபுரி மாவட்டத்திலேயே நான்தான் முதலில் செய்தேன். போதாதா?

போதாது. உலகில் எங்கேயும், எந்த மொழியிலும் அதற்கு முன் வெளிவந்திருக்கக் கூடாது. பழைய ஊர் மில்களில் நெல் குத்த ஹல்லர் என்று ஒன்று ஓடியதே, அது 1885 வாக்கில் பிரேசிலில் எங்கல்பர்க் என்பவர் உருவாக்கியது. நம் தாத்தாக்கள் அதை நம்மூர்ச் சரக்கு என்றே நினைத்திருப்பார்கள்.

ஆகவே முதலில் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் வசதிக்கு இன்பாஸ் என்று பெயர், கட்டணம் இல்லை. கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். ‘புளி’ என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று வந்துவிடாதீர்கள். பேரீச்சை, செர்ரி, ஆலிவ் ஆகியவற்றின் கொட்டை நீக்கும் இயந்திரங்களையும் பார்க்க வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் அங்கேதான் தேடுவார். எனக்கு வந்த ஆட்சேபம் ஒரு பேரீச்சை இயந்திரத்தைக் காட்டித்தான் வந்தது.

இருக்கிற மெஷினில் சின்ன மாற்றம் செய்து வேலையை எளிதாக்கினேன். அதற்குக் கொடுப்பார்களா?

பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு உண்டு. பாத்திரங்களை லேத்தில் கடைசல் பிடிக்கும்போது நழுவாமல் இறுக்கிப் பிடிக்கும் ஓர் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1950களில் காப்புரிமை வாங்கியிருந்தது. அதே தொழிலில் இருந்த இன்னொரு நிறுவனம் எதிர்த்தது. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 டிசம்பரில் காப்புரிமை செல்லாது என்று முடிந்தது. பயன்பட்ட உறுப்புகள் ஏற்கெனவே லேத்தில் இருந்தவை. அவற்றைச் சேர்த்ததில் கைதேர்ந்த தொழிலாளிக்குத் தோன்றாத எதுவும் இல்லை. வெறும் பட்டறை மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிவிடுகிறது. சின்ன மாற்றம் என்பதாலேயே தள்ளிவிட மாட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: அதே வேலையில் ஊறிய இன்னொருவரிடம் இந்தச் சிக்கலைச் சொன்னால், அவரும் இதே தீர்வைச் சுலபமாகச் சொல்லியிருப்பாரா? ‘அட, இது எனக்குத் தோன்றவில்லையே’ என்று அனுபவசாலிகள் சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் பரிசோதகரிடம் போய் ‘எங்கள் மேஸ்திரியே ஆச்சரியப்பட்டார்’ என்றால் எடுபடாது. எல்லோரும் வேறு திசையில் போனார்கள் என்பதற்குப் பழைய ஆவணங்களைக் காட்ட வேண்டும்.

களி கிண்டும் மெஷின் செய்திருக்கிறேன். மோட்டார், துடுப்பு, பாத்திரம் எல்லாம் பழையவைதான். சேர்த்தது நான்தானே?

சட்டத்தின் 3ஆம் பிரிவு எவை கண்டுபிடிப்பு ஆகா என்று பட்டியல் போடுகிறது. அதில் ‘எஃப்’ உட்பிரிவு, தனித்தனியே தத்தம் வேலையைச் செய்யும் பழைய சாதனங்களை வெறுமனே அடுக்கி வைப்பதை விலக்குகிறது. மோட்டார் சுற்றுகிறது, துடுப்பு கிண்டுகிறது, அடுப்பு எரிகிறது என்றால் அது அடுக்குதான்.

களி கிண்டியவர்களுக்குத் தெரியும், மாவு வெந்து இறுகும்போது துடுப்பு கனக்கும். அந்தக் கனத்தை மோட்டார் இழுக்கும் மின்சாரத்திலிருந்து கண்டறிந்து, தீயைத் தானே குறைத்து, கட்டி விழாமல் துடுப்பின் திசையை மாற்றுகிறது உங்கள் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒன்றின் வேலை மற்றொன்றின் வேலையை மாற்றுகிறது. இது 3ஆம் பிரிவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் முந்தைய பதிலில் சொன்ன சோதனை காத்திருக்கிறது.

எங்கள் பாட்டி சொன்ன மாங்காய்த் தொக்குப் பக்குவத்துக்கு வாங்கலாமா?

முடியாது. பொருள்களைக் கலந்து அவற்றின் குணங்களின் கூட்டுத்தொகை மட்டும் கிடைத்தால் அது வெறும் கலவை. வழிவழியாக வந்த அறிவுக்கும் உரிமை கோர முடியாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல் சான்றுகளை வைத்து எதிர்க்க, 1997இல் அது ரத்தானது. பாட்டி சொன்னது அப்படியே இருக்கட்டும். தொக்கு ஓராண்டு கெடாமலிருக்க நீங்கள் புதிதாக ஒரு செய்முறை கண்டிருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் கண்காட்சியில் வைத்து நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் அல்லவா?

என் முதல் விண்ணப்பம் செத்தது இப்படித்தான். மாங்கூழ் பிரிக்கும் பல்ப்பரில் நார் சல்லடையை அடைத்துக்கொள்ளும். பருவம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கழுவ வேண்டும். சல்லடையை ஓடும்போதே வழித்துவிடும் ஒரு கையைப் பொருத்தினேன். பெருமை தாங்காமல் ஒரு கண்காட்சியில் வைத்து, படத்துடன் துண்டுப் பிரசுரமும் அடித்துக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து விண்ணப்பித்தேன். என் பிரசுரத்தையே எனக்கு எதிராகக் காட்டினார்கள். குற்றம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. நாம் ஸ்டால் போடும் இடமெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடுவதும், கல்லூரி மலரில் கட்டுரை எழுதுவதும் இதே ஆபத்துதான். அவசரம் என்றால் கண்டுபிடிப்பை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் அவகாசம் இருக்கிறது. கண்காட்சிக்கு அதன் பிறகு போகலாம்.

எவ்வளவு செலவாகும்? ஏஜெண்ட் கட்டாயமா?

தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். முப்பது பக்கத்துக்கும் பத்து கோரல்களுக்கும் (உரிமையின் எல்லையைச் சொல்லும் வாக்கியங்கள்) மேல் போனால் கூடும். விண்ணப்பித்தால் மட்டும் யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். அதற்குத் தனியாகக் கேட்டு 4,000 ரூபாய் கட்ட வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம். இதை மறந்து விண்ணப்பத்தை இழந்தவர்களை எனக்கே தெரியும். விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தாலோ, நீங்கள் சிறு நிறுவனமாக இருந்தாலோ 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். காப்புரிமை கிடைத்த பிறகு மூன்றாம் ஆண்டுக்கான கட்டணத்திலிருந்து புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். முதலில் ஆண்டுக்கு 800 ரூபாய், போகப் போக ஏறும்.

நம் பகுதி விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்துக்குப் போகும். ஏஜெண்ட் கட்டாயம் இல்லை, நீங்களே தாக்கல் செய்யலாம். ஆனால் என் அபிப்பிராயம்: படிவங்களை நீங்களே நிரப்புங்கள், கோரல்களை எழுத மட்டும் தெரிந்தவருக்குக் காசு கொடுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. ஸ்டார்ட்அப்பாகப் பதிவு செய்தவர்களுக்கு உதவும் நிபுணரின் கட்டணத்தை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு.

கிளெய்ம், கோரல் என்கிறீர்களே, அது என்ன பெரிய விஷயம்?

அதுதான் விஷயமே. நாற்பது பக்கம் எழுதிப் பத்துப் படம் போட்டாலும், உங்கள் உரிமை கடைசியில் இருக்கும் அந்தச் சில வாக்கியங்களுக்கு உள்ளேதான். நிலத்துக்குப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல. எல்லைக்கு வெளியே இருக்கும் மாமரம் நீங்கள் நட்டதாகவே இருந்தாலும் உங்களுடையது ஆகாது.

எளிய கணக்கு இது: ஒரு கோரலில் ஐந்து உறுப்புகள் சொல்லியிருந்தால், எதிராளியின் இயந்திரத்தில் ஐந்தும் இருக்க வேண்டும். நான்கு மட்டும் இருந்தால் அவர் பொதுவாகத் தப்பிவிடுவார். ஆகவே உறுப்புகளை அதிகமாக அடுக்க அடுக்க உங்கள் நிலம் சுருங்குகிறது. புதிதாக எழுதுபவர்கள் எல்லாம் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெருமையாக இருக்கட்டும் என்று சக்கரம், சுவிட்ச், பெயின்ட் நிறம் வரை முதல் கோரலிலேயே எழுதிவிடுகிறார்கள். மறுபக்கம், மிக அகலமாக எழுதினால் பழைய இயந்திரம் ஏதாவது அதற்குள் விழுந்து, புதுமை இல்லை என்று ஆகிவிடும். அகலமான கோரல் ஒன்று, அதற்குக் கீழே படிப்படியாகக் குறுகும் கோரல்கள் சில என்று எழுதுவது வழக்கம்.

கல்லில் புதிய பட்டை வெட்டு ஒன்று கண்டுபிடித்தேன். அழகுக்கெல்லாம் பேட்டன்ட் உண்டா?

மைத்துனரின் கூட்டாளி கேட்டது. உண்டு, உலகில் நிறையவே நடந்திருக்கிறது. 1902இல் ஆம்ஸ்டர்டாமின் யோசப் ஆஷர் தன் சதுர வெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1977இல் நியூயார்க்கின் ஹென்றி கிராஸ்பார்டு ரேடியன்ட் வெட்டுக்கு வாங்கினார். இரண்டும் காலாவதியாகி இன்று எல்லோரும் வெட்டுகிறார்கள். மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் வட்ட வைரத்தின் விகிதங்களைக் கணக்கிட்டு நூலாக வெளியிட்டார். அச்சில் வந்த பிறகு அந்தக் கணக்கைப் புதிது என்று யாரும் கோர முடியாது.

‘பார்க்க அழகு’ என்று மட்டும் சொன்னால் காப்புரிமை கிடைக்காது. வடிவத்தின் தோற்றத்துக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 10 ஆண்டு, பிறகு இன்னொரு 5 ஆண்டு பாதுகாப்பு. காப்புரிமைக்கு ஒளியின் கணக்கு வேண்டும். கல்லுக்குள் போன ஒளி கீழ்ப்பட்டைகளில் பட்டு, வெளியே ஒழுகாமல் மேலே திரும்பி வருவதுதான் பளபளப்பு. அப்படி முழுதாகத் திரும்ப, ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்து பட வேண்டும். வைரத்துக்கு அது 24 பாகை சொச்சம், வைரம் போலத் தெரியும் செயற்கைக் கல்லான சிர்கோனியாவுக்கு 27 சொச்சம், படிகக் கல்லுக்கு 40 சொச்சம். வைரத்தின் கோணங்களை அப்படியே படிகக் கல்லில் வெட்டினால் நடுவில் ஜன்னல் போலத் தெரிவது இதனால்தான். குறிப்பிட்ட கல்லுக்கு, குறிப்பிட்ட கோண அளவுகளில், இன்ன பலன் கிடைக்கிறது என்று அளந்து காட்டினால் வாதாட இடமுண்டு. கோரலில் ‘41 முதல் 43 பாகை’ என்று எழுதினால் எதிராளி 44இல் வெட்டுவார். அதையும் நினைவில் வையுங்கள்.

என் மகன் எந்தக் கோப்பையும் பாதியாகச் சுருக்கும் வழி கண்டுபிடித்திருக்கிறான். அமெரிக்காவில் வாங்கினால் கோடீஸ்வரன் ஆகலாமா?

‘எந்தக் கோப்பையும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். 00 முதல் 99 வரை நூறு எண்கள் உண்டு, ஓரிலக்க எண்கள் பத்துதான். நூறையும் பத்துக்குள் சுருக்கினால் திரும்ப விரிக்கும்போது எது எது என்று எப்படித் தெரியும்? எல்லாக் கோப்பையும் சுருக்கும் முறை கணக்கின்படியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒன்றைச் செய்வதாகச் சொன்ன விண்ணப்பத்துக்கு 1996இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள். அலுவலக முத்திரை விழுந்தது என்பதற்காகச் சரக்கு வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்க முடியும். தக்காளி மண்டிக் கணக்கில் ‘ராயக்கோட்டை மண்டி’ என்று நூறு முறை எழுதாமல், முதல் பக்கத்தில் ஒருமுறை எழுதி ‘7’ என்று எண் கொடுத்து, பிறகு 7 மட்டும் போடுவது போல. ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் இருவரும் 1977, 1978இல் இந்த வகை முறைகளை வெளியிட்டார்கள். டெர்ரி வெல்ச் அதை மேம்படுத்தி 1983 ஜூனில் விண்ணப்பிக்க, 1985இல் காப்புரிமை கிடைத்தது. எல்இசட்டபிள்யூ என்பது அதுதான். எந்த எண் எதைக் குறிக்கும் என்ற பட்டியலைத் தனியாக அனுப்பத் தேவையில்லை, படிப்பவரின் பக்கத்திலும் அதே பட்டியல் தானே வளர்ந்துகொண்டு வரும் என்பது அதன் நயம்.

1987இல் வந்த ஜிஃப் படக்கோப்பில் இதைப் பயன்படுத்தினார்கள். உரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது பலருக்குத் தெரியாது. 1994 டிசம்பரில் உரிமத் தொகை கேட்கும் அறிவிப்பு வந்ததும் நிரல் எழுதுபவர்கள் கொதித்து, பிஎன்ஜி என்ற புதிய வடிவத்தையே உருவாக்கிவிட்டார்கள். அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் முடிந்தது. இதற்கெல்லாம் முன்னால், 1952இல் டேவிட் ஹஃப்மன் தன் குறிமுறையைக் கட்டுரையாக வெளியிட்டதோடு விட்டுவிட்டார். இன்றும் ஜேபெக் படங்களுக்குள் அது இருக்கிறது. கோடீஸ்வரர் யார், நிலைத்தது யார் என்று மகனே கணக்குப் பார்க்கட்டும்.

இந்தியாவில் 3ஆம் பிரிவின் ‘கே’ உட்பிரிவு கணித முறையையும் அல்காரிதத்தையும் வெறும் கணினி நிரலையும் விலக்குகிறது. 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு ஒன்றைக் காட்டினால் கணினி சார்ந்தது என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்றது. ஆகவே கணக்கை மட்டும் கொண்டுபோகாமல், அதனால் கேமராவின் நினைவகம் எவ்வளவு மிச்சம், மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று சாதனத்தோடு சேர்த்து எழுத வேண்டும். இன்னொன்று: இந்தியாவில் வசிப்பவர் அனுமதியின்றி நேரே வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் 39ஆம் பிரிவின்படி முன்னனுமதி வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் காப்புரிமை உள்ள மெஷினைப் பார்த்து இங்கே செய்தால் பிடிப்பார்களா?

உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. இத்தாலியில் மட்டும் வாங்கிய பல்ப்பர் காப்புரிமை கிருஷ்ணகிரியில் செல்லாது. இந்தியாவிலும் வாங்கியிருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று இன்பாஸில் பார்த்துவிட்டுச் செய்யலாம். அந்த இயந்திரத்தை இத்தாலிக்கே விற்க மட்டும் போகாதீர்கள். உங்கள் பெயரில் இங்கே காப்புரிமை வாங்கவும் முடியாது. காரணம் மூன்றாவது கேள்வியிலேயே இருக்கிறது.

யோசித்தது நான், பணம் போட்டது முதலாளி. யாருக்குச் சொந்தம்?

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் வர வேண்டும். உரிமை யாருக்கு என்பதை உங்கள் வேலை ஒப்பந்தம் சொல்லும். ஒப்பந்தமே இல்லை என்றால் இப்போதே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், நட்பு நன்றாக இருக்கும்போதே. இருவர் பெயரிலும் வாங்கினால் சம பங்கு. ஒவ்வொருவரும் தானாகச் செய்து விற்றுக்கொள்ளலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டாம். ஆனால் மூன்றாம் ஆளுக்கு உரிமம் கொடுக்க இருவரின் சம்மதமும் வேண்டும். பங்காளிகள் பிரியும்போது வெடிப்பது இந்த இடத்தில்தான்.

யாரிடமும் சொல்லாமல் ரகசியமாக வைத்துக்கொண்டால் என்ன?

எதை என்பதைப் பொறுத்தது. இயந்திரத்தை விற்றால் வாங்கியவர் ஸ்பேனரை எடுத்துக் கழற்றிப் பார்த்துவிடுவார், வெட்டிய கல்லின் கோணத்தை அளந்துவிடலாம். இவற்றில் ரகசியம் நிற்காது. உங்கள் ஆலைக்குள்ளேயே முடியும் வெப்ப அளவு, மெருகு போடும் பொடியின் கலவை போன்றவை நிற்கும். அவற்றை எழுதிக் கொடுத்து 20 ஆண்டில் இழப்பதைவிட வாயை மூடிக்கொள்வது மேல்.

விண்ணப்பம் போட்டாயிற்று. ‘காப்புரிமை பெற்றது’ என்று போர்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதலாம். கிடைக்காததைக் கிடைத்தது என்றால் 120ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வழக்குப் போடுவதும் காப்புரிமை கிடைத்த பிறகுதான், ஆனால் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியான நாளிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, உங்கள் புளி மெஷினையே நான் செய்தால்?

கோபம் இல்லை. எண்ணைத் தருகிறேன், இன்பாஸில் என் முதல் கோரலைப் படித்துப் பாருங்கள். ‘ரப்பர் உறை போர்த்திய இரண்டு உருளைகள்’ என்று எழுதியிருப்பேன். ‘நெகிழும் மேற்பரப்புள்ள உருளைகள்’ என்று எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் ரப்பர் இருந்தது, வேறு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் நைலான் பிரஷ் சுற்றிய உருளை போட்டால், இரண்டும் சாரத்தில் ஒன்றுதான் என்று நான் நீதிமன்றத்தில் வாதாடலாம். வக்கீல் சொன்ன தொகையில் இன்னொரு லேத் வாங்கிவிடலாம். நம் சாலையிலேயே ஒருவர் பிரஷ் வைத்துச் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார். போன பங்குனியில் போய்ப் பார்த்தேன். பிரஷில் நார் கொஞ்சம் சுற்றிக்கொள்கிறது, மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது.